சித்திரையில் கற்றது தீபாவளிக்கு நினைவிருக்குமா?

தியாகராய நகர்க் கடை உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில், வெடிமருந்தும் பஞ்சுப் பொதிகளும் ஏற்றி நின்ற கப்பல் வெடித்தது. அந்தத் தீயை அணைக்கப் போய் உயிரிழந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக அமைந்த வாரம் இது. கடைகளிலும் அலுவலகங்களிலும் தீப் பாதுகாப்பு வகுப்புகள் பெரும்பாலும் இந்த வாரத்தை ஒட்டியே நடக்கின்றன. ஊழியர்களைக் கூட்டி வைத்து, தீயணைப்புச் சிலிண்டரை எப்படித் திறப்பது என்று செய்து காட்டுவார்கள். போட்டோ எடுத்துக்கொள்வார்கள், வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குவார்கள். அன்று சித்திரை பிறந்திருக்கும். உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம் நெரியும் தீபாவளிச் சீசனோ ஐப்பசியில் வருகிறது. இடையில் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் ஊழியரின் மனத்தில் அந்த வகுப்பு என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். பயிற்சி தரப்படுகிறதா என்பது என் கேள்வியே இல்லை. தந்த பயிற்சி தேவைப்படும் நிமிடத்தில் நினைவுக்கு வருமா என்பதே கேள்வி. வராது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. வரவைக்க முடியும் என்பதற்கும் உள்ளன.

தியாகராய நகருக்கு இது ஏட்டுப் பிரச்சினை இல்லை. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடை தீப்பிடித்ததில் ஊழியர்கள் இருவர் இறந்துபோனார்கள். 2017 மே 31 அதிகாலை, தெற்கு உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்றின் அடித்தளத்தில் பிடித்த தீ மறுநாளும் எரிந்தது. கட்டிடத்தின் ஒரு பகுதி சரிந்தது. மிச்சத்தையும் பிறகு இடிக்க வேண்டியதாயிற்று. உள்ளே இருந்த ஊழியர்களைத் தீயணைப்பு வீரர்கள் மீட்டார்கள். அந்தத் தீ அதிகாலையில் பிடித்தது. கடையில் வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. அதே தீ, தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பிடித்திருந்தால், தீயணைப்பு வண்டி பனகல் பூங்காவைத் தாண்டி வந்து சேர்வதற்குள், மூன்றாவது மாடியில் கைக்குழந்தையோடு நிற்கும் ஒரு தாய்க்கு வழி காட்டக்கூடியவர் யார்? துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த அந்தச் சேல்ஸ் பெண்தான். அந்த நிமிடத்தில் அவர் நினைவில் இருப்பது மட்டுமே உங்கள் கடையின் பாதுகாப்பு.

அந்தப் பெண்ணுக்கு நினைவாற்றல் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், நீங்களும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். நூற்றுக்கணக்கான ரகங்களில் எது எந்த அடுக்கில், எந்த விலையில், எந்த நிறம் தீர்ந்துபோயிற்று என்று கேட்ட மாத்திரத்தில் சொல்பவர் அவர். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைகளுக்கான ஜி.எஸ்.டி. மாறியது. அதுவரை 1,000 ரூபாயில் இருந்த எல்லை 2,500 ரூபாய்க்கு உயர்ந்தது. புதிய எல்லை வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு என்றானது. தீபாவளி வியாபாரம் உச்சத்தில் இருந்த நாட்களிலேயே பில் போடுபவர்களுக்கு அது பழகிவிட்டது. நகைக்கடைகளில் 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க ஹால்மார்க் எண் கட்டாயமானபோதும் இதுதான் நடந்தது. இவற்றுக்கெல்லாம் பெரிய வகுப்புகள் நடந்ததால் நினைவில் நின்றன என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஊழியர் ஒவ்வொரு முறையும் பதிலை மனத்திலிருந்து தேடி எடுத்தார். தேடி எடுத்ததால் அது ஊன்றிப்போயிற்று. தீப் பாதுகாப்பைப் பற்றி அவரிடம் எந்த வாடிக்கையாளரும் கேட்பதில்லை. சூப்பர்வைசரும் கேட்பதில்லை. கேட்கப்படாதது மறந்துபோகிறது. என் வாதம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

இதை என் ஊகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் நினைவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு மீண்டும் கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு நாள் கழிந்தபோது மிச்சம் மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழிந்தபோது ஐந்தில் ஒரு பங்கு. மேலாண்மைப் பயிற்சி நடத்துபவர்கள் இந்தக் கணக்கைக் காட்டி, எதைக் கற்றாலும் ஒரே நாளில் இத்தனை விழுக்காடு மறந்துவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதுண்டு. அது தவறு. பொருளற்ற அசைகளைப் போலப் பொருளுள்ள பாடம் அவ்வளவு வேகமாகக் கரைவதில்லை. ஆனால் அவர் கண்ட வளைவின் வடிவம் உண்மை. 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து ஏறத்தாழ அதே வடிவத்தைப் பெற்றார்கள். மறதி தொடக்கத்தில் செங்குத்தாக இறங்குகிறது, பிறகு மெல்லத் தட்டையாகிறது. உங்களுக்கு இதில் பயனுள்ள செய்தி வேறொன்று இருக்கிறது. மறந்ததாகத் தோன்றுவதை மீண்டும் கற்க, முதல் முறை ஆன நேரத்தைவிடக் குறைவான நேரமே ஆகும். ஆகவே நினைவூட்டலுக்கு இன்னொரு முழு நாள் வகுப்பு வேண்டாம், சில நிமிடங்கள் போதும்.

எப்படி நினைவூட்டுவது என்பதில்தான் பெரும்பாலோர் தடம் மாறுகிறார்கள். அதே வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் மறுபடி அனுப்புவது, படிக்கட்டுச் சுவரில் இன்னொரு போஸ்டர் ஒட்டுவது என்று போகிறார்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பத்தியை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரே தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று தடவை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்தவர்கள் 40 விழுக்காட்டைத்தான் நினைவுகூர்ந்தார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காடு. வகுப்பு முடிந்த கையோடு ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவதன் காரணம் இதில் தெரிகிறது. அவர்கள் பொய் சொல்வதில்லை. அந்த நேரத்தில் புரிந்துதான் இருக்கிறது. ஆனால் அன்றைய தெளிவு அடுத்த மாதத்துக்கு உத்தரவாதம் ஆகாது. வீடியோவைத் திரும்பப் பார்க்கிறபோதும் ‘இது தெரிந்ததுதானே’ என்ற உணர்வுதான் வளர்கிறது. நினைவு அந்த அளவுக்கு வளர்வதில்லை.

எப்போது கேட்பது என்பதற்கும் கணக்கு உண்டு. 2008-இல் செப்பேடாவும் சகாக்களும் 1,350 பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆய்வில், முதல் பாடத்துக்கும் மறுபாடத்துக்கும் இடையில் விட வேண்டிய இடைவெளி, எவ்வளவு காலத்துக்கு நினைவு வேண்டும் என்பதைப் பொறுத்தது என்று கண்டார்கள். ஒரு வாரத்துக்கு நினைவிருந்தால் போதும் என்றால் மறுநாளே திரும்பப் பார்ப்பது நல்லது. பத்து வாரத்துக்கோ, ஓர் ஆண்டுக்கோ வேண்டுமென்றால், அவர்கள் சோதித்த இடைவெளிகளில் ஏறக்குறைய மூன்று வாரம் சிறந்ததாக இருந்தது. மயிலாப்பூரில் பாட்டுச் சொல்லித்தரும் எந்த ஆசிரியரும் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டு ஓர் ஆண்டு கழித்து மேடையேறச் சொல்வதில்லை. ஆனால் உயிர் காக்கும் பயிற்சியை நாம் அப்படித்தான் நடத்துகிறோம்.

‘இது கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வுதானே, கடைக்கு எப்படிப் பொருந்தும்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கைத்தொழில் கற்றவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. கனடாவில் 38 இளம் அறுவை மருத்துவர்களுக்கு, மெல்லிய இரத்தக் குழாய்களை இணைத்துத் தைக்க நான்கு பாடங்கள் நடத்தினார்கள். பாதிப் பேருக்கு நான்கும் ஒரே நாளில். மீதிப் பேருக்கு வாரம் ஒன்றாக நான்கு வாரம். பாடமும் நேரமும் ஒன்றே. ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாரம் ஒன்றாகக் கற்றவர்களின் கை தெளிவாகச் சிறந்திருந்தது. 2006-இல் வெளிவந்த ஆய்வு இது. நின்ற இதயத்தை மார்பில் அழுத்தி இயக்கும் சி.பி.ஆர். பயிற்சியிலும் இதைத்தான் கண்டார்கள். சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும். கையின் பழக்கமோ சில மாதங்களிலேயே தளர்ந்துவிடுகிறது. அதனால் அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் செவிலியர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பணியிடத்திலேயே, சில நிமிடம் பொம்மையின் மேல் செய்து பார்க்கும் முறை வந்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். உங்கள் ஊழியர்களையே கேட்டால், ‘ஒரே நாளில் முடித்துவிடுங்கள்’ என்றுதான் சொல்லக்கூடும். அதை அளவுகோலாக வைக்காதீர்கள். பிரிட்டனில் அஞ்சல் குறியீடு வந்த காலத்தில், அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகை கற்றுத்தந்த விதத்தை பேட்லியும் லாங்மனும் ஆராய்ந்து 1978-இல் வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள் சுமார் 35 மணி நேரத்தில் பலகையைக் கற்றுக்கொண்டார்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களுக்கு சுமார் 50 மணி நேரம் பிடித்தது. ஆனால் பயிற்சியில் குறைவான மனநிறைவு யாருக்கு என்று பார்த்தால், மிகச் சிக்கனமாகக் கற்ற அந்த ஒரு மணி நேரக் குழுவினருக்குத்தான். நாட்கள் நீண்டுகொண்டே போனதால் பின்தங்கிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியது. பயிற்சி முடிந்ததும் ‘எப்படி இருந்தது?’ என்று படிவம் நீட்டி வாங்கும் மதிப்பெண்ணுக்கும், என்ன கற்றார்கள் என்பதற்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

சீசன் நேரத்தில் ஐந்து நிமிடம்கூடக் கிடையாது என்பது உங்கள் முதல் மறுப்பாக இருக்கும். நான் கேட்பது புதிய நேரத்தை இல்லை. இருக்கும் நேரத்தை மாற்றி வைக்கத்தான். காலையில் ஷட்டர் திறந்து, வாடிக்கையாளர் வருவதற்கு முன் துணி அடுக்கும் வேளையில், சூப்பர்வைசர் இரண்டு பேரிடம் ஒவ்வொரு கேள்வி கேட்கட்டும். ‘நீ நிற்கும் இடத்திலிருந்து பக்கத்துப் படிக்கட்டு எது? அது புகையால் அடைபட்டால் அடுத்தது எது?’ ‘இந்த மாடிக்கு மெயின் சுவிட்ச் எங்கே?’ ‘எந்த எண்ணுக்கு போன் செய்வாய், என்ன முகவரி சொல்வாய்?’ ‘சிலிண்டரில் பின்னை எப்படி எடுப்பாய், குழாயைச் சுவாலையின் உச்சிக்குப் பிடிப்பாயா, அடிக்குப் பிடிப்பாயா?’ வாய்ப்பதில் போதாது, கையால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்தில் முடியும். ஒரு மாடியில் நாற்பது பேர் இருந்தால், நாளுக்கு இரண்டு பேர் வீதம் மூன்று வாரத்தில் ஒரு சுற்று வந்துவிடும். ஆய்வு சொன்ன இடைவெளியும் அதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு நாள், கடை திறக்கும் முன், மாடி மாடியாக எல்லோரும் படியிறங்கித் தெருவுக்கு வந்து நிற்கட்டும். உயரமான கட்டிடங்களில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் ஒத்திகை வேண்டும் என்று தேசியக் கட்டிட விதித்தொகுப்பே சொல்கிறது. அதில் ஒன்று ஆடித் தள்ளுபடிக்கு முன்பும், ஒன்று புரட்டாசி முடிவிலும் வரும்படி வைத்துக்கொண்டால் கூட்டம் வரும் காலத்தில் நினைவு புதிதாக இருக்கும். இரவு பத்து மணிக்குக் கடை மூடியபின், நாள் முழுக்க நின்று கால் கடுத்தவர்களை உட்கார வைத்து வகுப்பு எடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

‘எங்கள் பிள்ளைகள் பலர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், பரீட்சை என்றாலே பயப்படுவார்கள்’ என்பதும் உண்மையான கவலை. அதனால்தான் எழுத்துத் தேர்வு வேண்டாம் என்கிறேன். கேள்வி கேட்பது மதிப்பெண் போடுவதற்காகவும் இல்லை. தப்பாகச் சொன்னால் அந்த இடத்திலேயே சரியானதைக் காட்டிவிட்டு, சிரித்த முகத்தோடு நகர்ந்துவிட வேண்டும். தவறான பதிலுக்கு எல்லோர் முன்னாலும் ஏச்சு விழுந்தால், அடுத்த முறை அவர் கேள்வியைத் தவிர்க்கத்தான் பழகுவார். சம்பளத்தோடு இதை முடிச்சுப் போடுவதும் கூடாது.

ஆள் நிற்பதில்லை, கற்றவர் ஊருக்குப் போய்விடுகிறார், புதியவர் வருகிறார் என்கிறீர்கள். இதற்கு நம் ஊரிலேயே பழைய விடை இருக்கிறது. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லித்தருவான். 1789-இல் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைப் பார்த்துத் தம் பள்ளியில் அதைப் புகுத்தினார். மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1797-இல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. உங்கள் கடையில் ஆவணியில் சேர்ந்த பெண்ணுக்கு, ஆனியில் சேர்ந்த பெண் முதல் நாளே படிக்கட்டையும் சிலிண்டரையும் காட்டட்டும். புதியவர் கற்றுக்கொள்வார். காட்டுபவரோ, தன் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும்போதே அதைத் தனக்கும் உறுதிப்படுத்திக்கொள்வார். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் கடைக்கு இது கூடுதல் வசதி. சொல்லித்தர வேண்டிய வாய்ப்பு அடிக்கடி வருகிறது. இருவரும் ஒரே விடுதியில் தங்குபவர்கள் என்றால், விடுதிக் கட்டிடத்தின் வாசலையும் படிக்கட்டையும் சேர்த்தே காட்டட்டும்.

நினைவுப் பயிற்சியால் ஆகாதவை உண்டு. அவசர வழியில் பூட்டு தொங்கினால், சாவி யாரிடம் என்று நினைவிருந்து பயனில்லை. இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பயிற்சி வேலைக்குள் போகிறதா என்பது கற்பவர், பயிற்சி, பணியிடம் மூன்றையும் பொறுத்தது என்று பால்ட்வினும் ஃபோர்டும் 1988-இலேயே தொகுத்துக் காட்டினார்கள். மேலதிகாரியின் ஆதரவு அதில் முக்கியமானது. படிக்கட்டில் சரக்கு வைக்கக் கூடாது என்று ஏப்ரலில் கற்றவரிடம், செப்டம்பரில் லாரி வந்து நிற்கும்போது ‘இப்போதைக்குப் படியோரமா இறக்கி வை’ என்று சூப்பர்வைசர் சொன்னால், அவர் பயிற்சியை மறக்கவில்லை. பயிற்சி செல்லாது என்பதைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். அந்தப் பாடம் தினமும் நடப்பதால் மறக்கவும் மறக்காது. ஆகவே கேள்விச் சுற்று சேல்ஸ் ஆட்களோடு நின்றுவிடக் கூடாது. சூப்பர்வைசரை மேலாளர் கேட்க வேண்டும். கேஷ் கவுண்ட்டரில் உட்காரும் முதலாளியும் ஒத்திகை நாளில் படியிறங்க வேண்டும்.

அப்படி இறங்க வைத்த ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் இருந்த மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ரிக் ரெஸ்கோர்லா. 1993-இல் அங்கே குண்டு வெடித்த பிறகு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோரையும் படியிறங்க வைத்தார். நிமிடத்துக்கு நிமிடம் பணம் புரளும் இடம் அது. வேலை கெடுகிறது என்ற முணுமுணுப்புக்கு அவர் மசியவில்லை, உயர் அதிகாரிகளையும் விடவில்லை. கோபுரங்கள் தாக்கப்பட்ட 2001 செப்டம்பர் 11 அன்று அந்நிறுவனத்தின் ஏறத்தாழ 2,700 ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு வெளியேறினார்கள். மீதம் இருப்பவர்களைத் தேடி மறுபடி மேலே போன ரெஸ்கோர்லா திரும்பவில்லை. கால்களுக்கு வழி தெரிந்திருந்ததால்தான் அத்தனை பேரும் தயங்காமல் இறங்கினார்கள்.

உங்களில் பலர் தென் மாவட்டங்களிலிருந்து வந்து, சிறு கடையில் தொடங்கி, இந்தத் தெருக்களை நாடறியச் செய்தவர்கள். உங்கள் கடைகளில் நிற்கும் பிள்ளைகளும் பெரும்பாலும் அதே ஊர்களிலிருந்து உங்களை நம்பி வந்தவர்கள். நாளைக் காலை ஷட்டர் திறந்ததும், உங்கள் மாடியில் யாராவது இருவரை அழைத்து, பக்கத்துப் படிக்கட்டு எது என்று கேளுங்கள். மூன்று வாரம் கழித்து, அதே இருவரை மறுபடி கேளுங்கள்.

அக்கறையுடன்,
தியாகராய நகரில் துணி எடுக்கும் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவன்